பொழுது சாஞ்சா அரமணை

12-2-93, வெள்ளி

நோட்டே, முதலில் என்னை மன்னித்துக்கொள். என் எழுத்து நண்டு ஊர்ந்த வரப்பு மாதிரி இருக்கிறது. ஒரு எழுத்து கோட்டின் மேல் நிற்கிறது, அடுத்தது சரிந்து வாய்க்காலில் விழுகிறது. 'ணு' போட்டு முடிப்பதற்குள் சுண்டுவிரல் மரத்துவிடுகிறது. அறுபத்தெட்டு வயது வரை அரிவாள் பிடித்த கை. பென்சிலையும் அரிவாள் மாதிரியே பிடிக்கிறேனாம். சைத்தூன் டீச்சர் சொல்கிறார்: "பெரியவரே, அது கதிர் இல்லே, காகிதம். அறுத்துப்புடாதீங்க."

தினம் நாலு வரி எழுதச் சொல்லி அறிவொளி வகுப்பில் ஆளுக்கு ஒரு நோட்டு கொடுத்தார்கள். எதை எழுத என்று கேட்டேன். "உங்க மனசுல இருக்கிறதை எழுதுங்க. நான் பிரிச்சுப் பார்க்க மாட்டேன்" என்றார் டீச்சர்.

வைரக்கண்ணு.

வைரக்கண்ணு.

நல்ல பேர்தான். இத்தனை நாள் காதால் மட்டும்தான் கேட்டிருந்தேன்.

14-2-93, ஞாயிறு

இன்று ரோட்டுக்குப் போய் அரச மரத்தடியில் உட்கார்ந்து பஸ் படித்தேன். தஞ்சாவூர். கும்பகோணம். பாபநாசம். ஐம்பது வருசமாக நிறத்தைப் பார்த்து ஏறினவன் நான். ஒன்றிலும் ஏறாமல் ஒன்பது பஸ் படித்தேன். ஒரு கண்டக்டர், "ஏறுறியா இல்லியா பெருசு?" என்று கத்தினான். "இல்லப்பா, படிக்கிறேன்" என்றேன். விசிலை வாயில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான்.

வீட்டில் அம்சம் கேட்டாள், எங்கே போனீங்க என்று. படிச்சுட்டு வரேன் என்றேன். "ஆமா, கலெக்டர் வேலை காலியா இருக்காம், கூப்பிட்டு விட்டிருக்காங்க" என்றாள். அம்சம் என் பெண்டாட்டி. நாற்பத்தைந்து வருசமாக வாய் இதே நீளம்தான்.

17-2-93

உப்புப் பொட்டலம், தீப்பெட்டி, உர மூட்டை, ரேஷன் கடைச் சுவர், எல்லாம் என்னோடு பேசுகின்றன. இந்த ஊர் இவ்வளவு வாயாடி என்று எனக்குத் தெரியாது.

20-2-93, சனி

நாளைக்கு என் புத்தகத்தை எடுக்கப் போகிறேன். அதற்காகத்தான் வகுப்புக்கே சேர்ந்தேன். இது டீச்சருக்குக்கூடத் தெரியாது.

விவரமாக எழுதுகிறேன். இன்று காலையில் ஆரம்பித்தேன், சாயங்காலத்துக்குள் முடித்துவிடுவேன்.

அறுபத்தேழில் எங்கள் ஊரில் ஒரு நாடகக் குழு இருந்தது. நடத்தியவர் பெரிய தெரு துரைராசு. அவர்தான் வாத்தியார், அவரேதான் ராஜா வேசம். நான் அவர் வீட்டுப் பண்ணையாள். பகலில் அவர் வயல், சாயங்காலமானால் அவர் நாடகம். எங்கள் தெரு ஆட்களுக்கு நடிக்க இடம் கிடையாது. எனக்குப் படுதா இழுக்கிற வேலை. மேடையின் பக்கத்தில் நின்று கயிற்றை இழுத்தால் முன்படுதா மேலே சுருண்டு போகும், ராஜா சிம்மாசனத்தில் தெரிவார்.

படுதா ஏறும்போது பாட ஒரு பாட்டு வேண்டுமே என்று துரைராசு தவித்துக்கொண்டிருந்தார். வரப்பில் நின்றபடி நான் ஒன்று கட்டிப் பாடினேன். கூத்தாடிப் பிழைப்பைக் கொண்டாடுகிற பாட்டு.

கஞ்சி குடிச்ச வாயி கட்டளை போடும்
கந்தல் உடுத்த மேனி பட்டு மினுக்கும்
பொழுது சாஞ்சா அரமணை –
பொழுது விடிஞ்சா பொட்டலு!
ஆனாலும் அம்மாடி, இந்தச் சீமையில
ஆட்டக்காரன் பொழப்புக்கு ஈடு எது?

அவர் எழுதிக்கொண்டார். கும்பகோணத்தில் புத்தகமாக அச்சடித்தார். எனக்கும் ஒன்று கொடுத்தார். முதல் பக்கத்தில் ஒரு வரியை விரலால் தொட்டு, "இதோ பாரு வைரம். பாட்டு இயற்றியவர் வைரக்கண்ணுன்னு போட்டிருக்கு" என்றார். அவர் விரல் பட்ட இடத்தை அப்படியே மனதில் வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு சரஸ்வதி பூசைக்கும் புத்தகத்தைப் பலகையில் வைத்து அந்த இடத்தில் சந்தனம் வைப்பேன், அதன் மேல் குங்குமம் வைப்பேன், கற்பூரம் காட்டுவேன்.

அம்சம் மட்டும் பக்கத்தில் வர மாட்டாள். அந்தப் பாட்டை நான் எடுத்தாலே கொல்லைப் பக்கம் போய்விடுவாள். நாடகம் என்றாலே அவளுக்கு ஆகாது.

நாளைக்கு என் பேரை அச்சில் நானே படிப்பேன்.

21-2-93, ஞாயிறு

சந்தனம் அடை அடையாகக் காய்ந்திருந்தது. ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி, நகத்தால் மெல்லச் சுரண்டினேன். முதலில் தெரிந்த எழுத்து 'து'.

என் பேரில் 'து' இல்லை.

22-2-93

இப்பாடல்களை இயற்றியவர் நாடகச் செம்மல் கோ. துரைராசு.

24-2-93, புதன்

நான் புதுசாகப் படித்தவன், தப்பாகப் படித்திருப்பேன் என்று புத்தகத்தை வகுப்புக்கு எடுத்துப் போனேன். சைத்தூன் டீச்சர் படித்தார். இன்னொரு தடவை படித்தார். வழக்கமாகச் சிரிக்கிறவர், சிரிக்கவில்லை.

"சரியாத்தான் படிச்சிருக்கீங்க, பெரியவரே. நீங்க தப்பாப் படிச்சிருக்கக் கூடாதான்னு இருக்கு எனக்கு."

இருபத்தாறு வருசம்டா! அவன் பேருக்கு நான் கற்பூரம் காட்டியிருக்கேன். அவன் பேரைக் கண்ணுல ஒத்திக்கிட்டிருக்கேன். வைரக்கண்ணு, நீ மனுசனா மாடா?

3-3-93

கடைசிப் பக்கம் வரை என் பேரைத் தேடினேன். ஒன்பது நாள் ஆயிற்று. எங்கேயும் நான் இல்லை. படுதாவுக்குக் கயிறு கொடுத்து உதவிய பண்ணைக்கு நன்றி என்று ஒரு வரி இருக்கிறது. கயிறு இருக்கிறது. இழுத்தவன் இல்லை.

5-3-93, வெள்ளி

தூக்கம் இல்லை. இதையும் எழுதிவிடுகிறேன்.

அந்தப் புத்தகம் வந்த மறு வருசம் கூலிச் சண்டை. அறுத்துப் போடுகிற ஒரு கலம் நெல்லுக்கு அரைப்படி கூலி கூடக் கேட்டோம். பெரிய தெருவில் எல்லோரும் கூடி, வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுத்தார்கள். எங்களுக்கு வேலை கிடையாது, நாடகம் கிடையாது, அவர்கள் குளத்தில் தண்ணீர்கூடக் கிடையாது. அந்த நேரத்திலும் துரைராசு கட்சி மேடையில் 'கஞ்சி குடிச்ச வாயி' பாடிக்கொண்டிருந்தார். உழைக்கிற சனங்களின் பாட்டு என்று கைதட்டல். அந்தப் பாட்டைப் பிடித்துக்கொண்டே பிற்பாடு பதவிக்கு ஏறினார்.

எங்கள் தெருப் பிள்ளைகள் அவர் வைக்கோல் போருக்கு நெருப்பு வைக்கக் கிளம்பினார்கள். நான்தான் குறுக்கே விழுந்தேன். "அவரை விடுங்கடா. என் பேரை அச்சுல போட்ட மனுசன்டா" என்றேன். என்னைத் துரோகி என்றார்கள். ரெண்டு மாதம் எவனும் என்னோடு பேசவில்லை.

அப்படிக் காத்த போர்.

8-3-93, திங்கள்

துரைராசு வீட்டுக்குப் போனேன். நேரே கேட்டுவிடலாம் என்றுதான் போனேன். அவர் சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வழுக்கை, பல் செட்டு. நான் கீழே நின்றேன். படியில் ஏறச் சொல்லவில்லை, நானும் ஏறவில்லை.

"என்னடா வைரம், உயிரோடதான் இருக்கியா?"

"இருக்கேங்க." புத்தகத்தை நீட்டினேன். "என் பேரு எங்கே இருக்குன்னு மறந்துபோச்சுங்க. இன்னொரு தரம் காட்டுங்க."

வாங்கிப் பார்த்தார். "அட, இன்னுமா வச்சிருக்கே?" என்றார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, நான் சந்தனம் சுரண்டிய அதே இடத்தில் விரலை வைத்தார்.

"இதோ. வை-ரக்-கண்-ணு. கண்ணு நல்லாத் தெரியுதா?"

"நல்லாத் தெரியுதுங்க" என்றேன்.

வாய்க்கால் மேட்டுக்கு வந்த பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாத சிரிப்பு. உளுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கண்ணுக்கு எதிரே பொய் சொல்கிறான், எனக்கு அது தெரிகிறது, எனக்குத் தெரிகிறது என்பது அவனுக்குத் தெரியவில்லை! படிப்பு என்றால் என்ன என்று இன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது.

10-3-93

என்ன செய்யலாம்?

வைக்கோல் போர்? இப்போது மாடே இல்லை அவரிடம். நிலத்தில் பாதியை விற்றாயிற்று. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளை சிங்கப்பூரில், வருவதில்லை. யோசித்துப் பார்த்தால் அவரிடம் மிச்சம் இருப்பது பேர் ஒன்றுதான். 'கஞ்சி குடிச்ச வாயி' துரைராசு.

அப்படியானால் அதைத்தான் எடுக்க வேண்டும்.

16-3-93, செவ்வாய்

தெய்வம் எனக்கும் இருக்கிறது.

துரைராசுவின் அக்காள் மகன் நீலமேகம் மோட்டார் சைக்கிளில் என் வாசலுக்கு வந்தான். ரோடு காண்டிராக்ட் எடுக்கிற ஆள், பேச்சிலும் அவசரம். "பெருசு, மாமாவுக்கு எழுபது வயசு. சித்திரை ஒண்ணு அன்னிக்குச் சந்தைத் திடல்ல விழா. பழைய மாதிரியே படுதா போட்டு, ராஜா வேசத்துல உக்கார வச்சு, அந்தப் பாட்டைப் பாட வைக்கிறோம். கயிறு இழுக்கத் தெரிஞ்ச ஆளு ஊர்லயே நீ ஒருத்தன்தான் மிச்சம். வந்துடு."

"வரேங்க" என்றேன். "வராம இருப்பேனா?"

நோட்டீஸ் ஒன்றை என் கையில் திணித்தான். "யாருகிட்டயாவது குடுத்துப் படிக்கச் சொல்லிக் கேளு" என்றான்.

யாரிடமும் கொடுக்கவில்லை.

18-3-93

நோட்டீஸைப் படித்து முடித்தேன். இரண்டு நாள் பிடித்தது. அதில் இப்படிப் போட்டிருக்கிறது: 'அரமணை என்ற சொல்லுக்குப் பின் செம்மல் வைத்த இரண்டு தாள மௌனம், உழைப்பாளியின் பெருமூச்சு அன்றோ!'

பெருமூச்சாம்!

அந்த மௌனத்தின் கதையை எழுதுகிறேன். அந்தக் காலத்தில் படுதாவுக்கு நீளக் கயிறு கிடைக்கவில்லை. பண்ணையில் கிணற்றுக் கயிறு இரண்டைக் கொடுத்தார்கள். இரண்டையும் முடிச்சுப் போட்டு ஒன்றாக்கினேன். இழுத்துக்கொண்டே வந்தால் படுதா ராஜாவின் முழங்கால் வரைக்கும் ஏறும்போது முடிச்சு, மேலே கயிறு ஓடுகிற கப்பியில் வந்து சிக்கிக்கொள்ளும். அப்போது கயிற்றைக் கொஞ்சம் தளரவிட்டு, பக்கவாட்டில் இரண்டு உதறு உதற வேண்டும். முடிச்சு கப்பியைத் தாண்டிவிடும். பிறகு ஒரே இழுப்பு. அந்த இரண்டு உதறலுக்கு நேரம் வேண்டும் என்றுதான் 'அரமணை'க்கு அப்புறம் இரண்டு தட்டு சும்மா விட்டேன். மிருதங்கக்காரர் அதை டும் டும் என்று நிரப்பினார். அவ்வளவுதான். பெருமூச்சும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

நாடகம் போய்விட்டது, கயிறு போய்விட்டது. ஆனால் எந்த மேடையில் யார் பாடினாலும் அந்த இடத்தில் நிறுத்துகிறார்கள். ஏன் நிறுத்துகிறோம் என்று ஒருவருக்கும் தெரியாது. துரைராசுவுக்கும் தெரியாது. அவர் எப்போதும் படுதாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர். கப்பியை நிமிர்ந்து பார்த்தவன் நான் ஒருவன்தான்.

13-4-93, செவ்வாய்

திடலுக்குப் போய் மேடையைப் பார்த்துவிட்டு வந்தேன். புது நைலான் கயிறு, வழவழவென்று முழு நீளம். முடிச்சே இல்லை. "இழுத்தா எண்ணெயா வரும் பெருசு" என்றான் நீலமேகம்.

ராஜா கையில் மைக் இருந்தால் நன்றாக இருக்காது என்று சிம்மாசனத்துக்கு முன்னால் ஒரு பூத்தொட்டி வைத்து, செடிக்குள் மைக்கை ஒளித்திருக்கிறார்கள். அதையும் பார்த்து வைத்துக்கொண்டேன்.

எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் கயிற்றை நடுவில் அறுத்து, பழைய முடிச்சைப் போட்டேன். கை மறக்கவில்லை.

14-4-93

சித்திரை ஒன்று. இப்போதுதான் திடலில் இருந்து வந்தேன். நாளைக்கு எழுதுகிறேன்.

15-4-93, வியாழன்

மெதுவாக, ஒன்று விடாமல் எழுதப் போகிறேன். இன்றைக்கு உளுந்து பறிக்கப் போகவில்லை.

மணி ஆறு. வெளிச்சம் இன்னும் இருந்தது. திடல் நிறையக் கூட்டம். பெரிய தெரு நாற்காலியில், எங்கள் தெரு பின்னால் மணலில். பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் அம்சம். வரமாட்டேன் என்று என்னிடம் சொன்னவள். சைத்தூன் டீச்சரும் வந்திருந்தார்.

துரைராசு கிரீடம் வைத்துக்கொண்டு சிம்மாசனத்தில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்து, "சரியா இழுடா" என்றார்.

ஆர்மோனியம் ஆரம்பித்தது. துரைராசு பாடினார். குரல் இன்னும் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். கஞ்சி குடிச்ச வாயி கட்டளை போடும். நான் இழுத்தேன். கந்தல் உடுத்த மேனி பட்டு மினுக்கும். இழுத்தேன். பொழுது சாஞ்சா அரமணை. முடிச்சு வந்து கப்பியில் உட்கார்ந்தது.

டும் டும்.

நான் உதறவில்லை.

படுதா முழங்கால் உயரத்தில் நின்றது. வெளியே தெரிந்தது ராஜாவின் கால் மட்டும். பட்டு அங்கிக்குக் கீழே ரப்பர் செருப்பு. முன் வரிசையில் யாரோ களுக்கென்றார்கள்.

துரைராசு அந்த வரியை இன்னொரு தடவை பாடினார். டும் டும். படுதா அசையவில்லை. மூன்றாம் தடவையும் பாடினார். மிருதங்கக்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"டேய், என்னடா? இழுடா!" என்று துரைராசு பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். பூத்தொட்டி அதைத் திடல் முழுக்கச் சொன்னது.

"முடிச்சு சிக்கிக்கிச்சுங்க" என்றேன். தொட்டிக்குக் கேட்கிற மாதிரி ரெண்டு அடி உள்ளே வந்து சொன்னேன்.

"எடுடா அதை!"

"பாட்டுல அதுக்குத்தானே ரெண்டு தட்டு விட்டிருக்கு. முடிச்சை எப்படி எடுக்கிறதுன்னு பாட்டுக் கட்டினவருக்குத் தெரியுமே. சொல்லுங்க, எடுக்கிறேன்."

அவர் முகத்தை நான் பார்த்தேன். நான் மட்டும்தான் பார்த்தேன். கப்பியை நிமிர்ந்து பார்த்தார். கிரீடம் பின்னால் சரிந்தது. எங்கள் தெருவில் இருந்து யாரோ ஒருவன், "வைரண்ணே, அவுத்துடாதே!" என்று கத்தினான். மணல் முழுக்கச் சிரிப்பு. பெரிய தெருவிலும் சில பேர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

எழுந்து போய்விடலாம் என்று துரைராசு பார்த்தார். பக்கவழி ஒன்றுதான், அதில் கயிற்றோடு நான் நின்றேன்; போவதென்றால் படுதாவுக்குக் கீழே குனிந்துதான் வெளியே வர வேண்டும். கிரீடத்தோடு பாதி குனிந்தார். அத்தனை பேரும் பார்ப்பார்கள் என்று மறுபடி உட்கார்ந்தார்.

"வைரம்," என்றார். குரல் அடியோடு மாறிவிட்டது. "உன் பாட்டுதாண்டா. தெரியும்டா. தூக்குடா, மானம் போவுது."

திடல் முழுக்க அது கேட்டது. ரோட்டில் நின்ற பஸ்ஸுக்கே கேட்டிருக்கும்.

கயிற்றைத் தளரவிட்டேன். ஓர் உதறு. இன்னோர் உதறு. டும் டும். ஒரே இழுப்பு. படுதா எண்ணெயாக மேலே போயிற்று.

பொழுது விடிஞ்சா பொட்டலு.

துரைராசுவைச் சும்மா சொல்லக் கூடாது. முப்பது வருசம் மேடையில் நின்ற ஆள். எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்து, தன் தோளில் இருந்த பொன்னாடையை எனக்குப் போட்டு, "என் பாட்டுக்கு உயிர் கொடுத்த தோழர்!" என்றார். ஒருவரும் கைதட்டவில்லை. காதருகே, "உன்னைக் கவனிச்சுக்கறேன்" என்றார். கவனிக்கட்டும். முன்னெல்லாம் அந்தச் சொல் போதும், எங்கள் குடிசை அவர் மனையில் நின்றது. மனைப் பட்டா என் பேருக்கு வந்து இருபது வருசம் ஆயிற்று. இப்போது அதை நானே படிக்கவும் செய்வேன்.

16-4-93, வெள்ளி

திடலில் என்னைத் தோளில் தூக்கினார்கள். அதை நேற்று எழுத விட்டுப்போயிற்று. வைக்கோல் போரைக் காத்ததற்கு என்னைத் துரோகி என்றவர்களில் ஒருவன்தான் முதலில் தூக்கினான்.

ஆனால் அம்சம் பேசவில்லை. முந்தாநாள் வீட்டுக்கு வந்ததில் இருந்து ஒரு வார்த்தை இல்லை. தட்டு வைக்கிறாள், சோறு போடுகிறாள், எழுந்து போகிறாள். இன்று பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"ஏன்டி, ஊரே கொண்டாடுது. உனக்கு என்ன வந்துச்சு?"

"ஒண்ணும் வரலே. பாட்டு உங்களுதுன்னு அவரு சொல்லிப்புட்டாரு. நீங்களும் நல்லாத் தலையை ஆட்டினீங்க. ரெண்டு பேரும் நல்லா இருங்க."

"என் பாட்டுதானே?"

முறத்தைக் கீழே வைத்தாள். "பொழுது சாஞ்சா அரமணை, பொழுது விடிஞ்சா பொட்டலு. இது யாரு சொன்னதுங்க? மூத்தவளுக்கு அம்மை போட்டுக் கிடக்குறா. நீங்க படுதா இழுக்கக் கிளம்புறீங்க. வாசல்ல நின்னு வயிறெரிஞ்சு திட்டினேன். 'பொழுது சாஞ்சா அரமணை, பொழுது விடிஞ்சா பொட்டலு, இதுக்குத்தானே இந்தத் துள்ளு துள்ளுறீங்க'ன்னு. மறுநா வரப்புல நின்னு அதையே பாடுறீங்க. ஊரே கைதட்டுது. எனக்கு எப்படிங்க இருந்திருக்கும்?"

"இத்தனை வருசமா சொல்லலியே நீ?"

"யாரு கேட்டா?"

அதே நாள், பிறகு

நான் மறந்துவிட்டேன் என்று எழுதத் தொடங்கினேன். அழித்துவிட்டேன். மறக்கவில்லை. அந்த வரியைக் கேட்டதும் துரைராசு, "இந்த அடி எங்கேடா புடிச்சே?" என்று கேட்டார். "தானா வந்துச்சுங்க" என்றேன். நான் சொன்ன அந்தப் பதில் இன்னும் காதில் இருக்கிறது.

17-4-93

அந்தப் பொன்னாடையை வாசலில் விரித்து உளுந்து காயப்போட்டிருக்கிறாள். நல்ல அகலம்.

19-4-93, திங்கள்

இன்று சமாதானம் பேசினேன். புத்தகத்தில் துரைராசு பேரை அடித்துவிட்டு, நம் இரண்டு பேர் பேரையும் எழுதுகிறேன், உன் பேரை முதலில் போடுகிறேன் என்றேன். பேனாகூட வாங்கி வந்திருந்தேன்.

"எழுதுங்க" என்றாள். "எழுதிட்டு, அவரு உங்களுக்குக் காட்டின மாதிரி நீங்களும் விரலை வச்சுக் காட்டுவீங்க, இதோ உன் பேருன்னு. நானும் அதுல சந்தனம் வைக்கணும். அங்கே அம்சம்னு இருக்கா ஆட்டுக்குட்டின்னு இருக்கான்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"

பேனாவை மூடினேன்.

22-4-93, வியாழன்

இன்று வகுப்புக்கு என் பின்னாலேயே வந்தாள். பெண்கள் பாயில் உட்கார்ந்து, "எனக்கும் ஒரு நோட்டுக் குடுங்க டீச்சர்" என்றாள். சைத்தூன் டீச்சர் என்னைப் பார்த்தார். நான் எதிரே இருந்த ரேஷன் கடைச் சுவரைப் படித்தேன்.

முதல் நாளே 'அ' போட்டுவிட்டாள். எனக்கு நாலு நாள் பிடித்த எழுத்து. நாற்று நடுகிற விரல், வளைவதற்குச் சொல்லித்தர வேண்டாம். 'ம்' சனிக்கிழமைக்குள் வந்துவிடும் என்கிறார் டீச்சர். எதற்கு இவ்வளவு அவசரம் என்று கேட்டதற்கு, "வீட்டுல ஒரு நோட்டு இருக்கு. ரெண்டு மாசமா ஒளிச்சு ஒளிச்சு எழுதுறாரு. என்னைப் பத்தி என்ன எழுதியிருக்காருன்னு முதல்ல பார்க்கணும். அப்புறம் இருக்கு" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள்.

துரைராசுவைப் பிடிக்க எனக்கு இருபத்தாறு வருசம் ஆயிற்று. இவளுக்கு அவ்வளவு ஆகாது.

புத்தகத்தில் துரைராசு பேர் இருக்கிற வரிக்கு மேலே உள்ள இடத்தை அவளுக்கு விட்டு வைத்திருக்கிறேன். பேனாவைப் புத்தகத்துக்குள்ளேயே வைத்துவிட்டேன். நானாக எதையும் எழுதவில்லை.

நோட்டே, வாய் நீளம் என்று உன்னிடம் எழுதினேனே, முதல் வாரத்தில். அதை அழிக்கலாமா என்று பார்த்தேன். அழித்தாலும் தடம் தெரிகிறது. இருக்கட்டும். நாளைக்கும் எழுதுவேன், கொஞ்சம் பார்த்துத்தான் எழுத வேண்டும். படிக்க ஆள் வருகிறது.